முதுகுப் பக்கம்

ஏழு வருஷமாக எனக்கு
ஸ்கைஸ்தேயின் முதுகைத் தெரியும்.
முகத்தைக் கரையில்தான் பார்ப்பேன், அதுவும்
கம்பளித் தொப்பிக்கும் தேநீர்க் குவளைக்கும் நடுவே கொஞ்சம்.

இருவர் படகு. ஆளுக்கு ஒரு துடுப்பு.
அவளுடையது வலக்கைப் பக்கம், என்னுடையது இடக்கைப் பக்கம்.
போகிற திசைக்கு இருவருமே முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறோம்.
நானாவது நாலு வீச்சுக்கு ஒருமுறை
தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறேன்.
அவள் பார்ப்பதெல்லாம்
நாங்கள் விட்டுவந்த சுழிகளை.

ஏப்ரல். கால்வே ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஒன்பது நாள்.
நாணலடியில் இன்னும் கண்ணாடிச் சில்லுகள் கிணுகிணுக்கின்றன.
தீவுக்கோட்டையின் செங்கல் ஈரத்தில் கறுத்திருக்கிறது.
மோட்டார் படகிலிருந்து வைதோதாஸ்
ஒலிபெருக்கியில் கத்துகிறார்:
கால் முடியட்டும், பிறகு முதுகு,
கையைக் கடைசிக்கு வையுங்கள்!

கை கடைசிதான்.
அலகு தண்ணீரைக் கவ்வும் கணத்தில்
கை வெறும் கயிறு, விரல் வெறும் கொக்கி.
உதைப்பது பாதம்.
தண்ணீரை இழுக்கிறோம் என்பது நினைப்பு;
தண்ணீரில் ஊன்றிய அலகைப் பிடித்துக்கொண்டு
படகைத் தாண்டிப் போகவிடுகிறோம், அவ்வளவே.
முழங்கால் திறந்து தீரும் இடத்தில்
இடுப்பு ஒரு கதவுபோல் பின்னுக்குச் சாயும்.
அப்புறம்தான் முழங்கை, விலாவை உரசிக்கொண்டு.
உள்கையில் சின்னத் திருகல்:
அலகு படுத்துக்கொள்ளும்.

திரும்புகையில் அவசரம் கூடாது.
கை, இடுப்பு, முழங்கால்.
உருளும் இருக்கை குதிகாலை நோக்கி ஊர்ந்து வரும்போது
யாரும் வலிக்காத படகு தானாக ஓடுகிறது,
அடிப்பலகையில் குமிழிகள் சரசரக்க.
அந்தச் சத்தத்துக்காகத்தான் நாலரைக்கு எழுகிறேன்.
பதக்கத்துக்காக என்று
ஊர்ப் பத்திரிகைக்குச் சொன்னது வேறு.

இன்று படகின் மூக்கு
அவள் பக்கத்து நாணலையே தேடிப் போகிறது.
மூன்று முறை திருத்தினேன்.
காற்று என்று நினைத்தேன்.
காற்றில்லை. மூன்று சன்னல் வீடுகளின் புகைபோக்கிகளில்
புகை நெட்டுக்குத்தாக நிற்கிறது.

பிறகு முதுகைப் படித்தேன்.
இடது தோள்பட்டைக்குக் கீழே சட்டை விரியவில்லை.
கவ்வுவதற்கு முன் முழுசாக வெளியேறும் மூச்சு
பாதியில் வெட்டுப்படுகிறது.
நீட்டல் இரண்டு விரற்கடை குறைவு.
நேற்று உடைமாற்றும் அறையில்
ஒரு சிரிப்பை அவள் நடுவில் நிறுத்தியதும்
இருமலை முழங்கையால் அமுக்கிப் பிடித்ததும்
இப்போது வந்து வரிசையில் நின்றன.

வலிக்கிறதா, என்றேன் முதுகிடம்.
வலிக்கிறேன்தானே, என்றது முதுகு.

சனிக்கிழமை தேர்வு.
விலா விரிசலுக்கு ஆறு வாரம் என்பது
இந்தப் படகுக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும்.
வைதோதாஸைக் கூப்பிட வாயைத் திறந்தேன்,
குளிர்காற்று பல்லில் பட்டது, மூடிக்கொண்டேன்.
என் காலைக் குறைத்தேன்.
பத்தில் எட்டு. ஏழரை.
மூக்கு மெல்ல நாணலை மறந்து
கோட்டையின் வட்டக் கோபுரத்தைப் பிடித்தது.

அருமை! இன்றைக்கு இப்போதுதான் நேராகப் போகிறீர்கள்!
என்றார் வைதோதாஸ்.
அப்புறம் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

படகுத்துறையில், வழக்கம்போல் நான் எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, தலைக்கு மேல்.
என் முனை மேலே போயிற்று.
அவள் முனை இடுப்போடு நின்றது.
சரிந்த படகிலிருந்து ஏரி
என் சட்டைக் கைக்குள் ஒழுகி அக்குளில் சேர்ந்தது.
அவள் என் பக்கமாகப் பார்த்து நின்றாள்.
உதடு, நெற்றி, ஈர இமை, எல்லாம் இருந்தன.
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கொஞ்சம் திரும்பேன், என்றேன்.